பிரதி இல்லை என்பது பொய்

சென்ற ஆண்டு ஒரு கல்லூரி நாடகப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். 11 குழுக்கள். பதினொன்றும் மாணவர்களே எழுதிக்கொண்டவை. பாதிக்கு மேல் செல்போன்தான் வில்லன். கடைசியில் அம்மா சாகிறாள், பின்னால் சினிமாப் பாட்டு. பிள்ளைகள் நன்றாகத்தான் நடித்தார்கள், அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. மதியச் சாப்பாட்டின்போது பொறுப்பாசிரியரிடம், "இத்தனை குழுவில் ஒன்றுகூட அச்சில் வந்த தமிழ் நாடகத்தைத் தொடவில்லையே சார்?" என்று கேட்டேன். இலையிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்: "தமிழ்ல எங்க சார் நாடகம் இருக்கு? இருந்தா போட மாட்டமா?"

அவர் தமிழ்த் துறைக்காரர். கல்லூரி நூலகம் அந்தச் சாப்பாட்டுக் கூடத்துக்கு எதிரே. கை கழுவிவிட்டுப் போய்ப் பார்த்தேன். இந்திரா பார்த்தசாரதியின் நாடகத் தொகுப்பு அடித்தட்டில் இருந்தது. தேதி முத்திரை குத்துவதற்காக உள்ளே ஒட்டியிருந்த தாளில் ஒரு முத்திரைகூட விழவில்லை.

இந்தப் பதிலை நான் முப்பது வருஷமாகக் கேட்டுவருகிறேன். சொல்பவர்கள்தான் மாறுகிறார்கள். இலக்கியக் கூட்டத்தில் சொன்னால் அது பெருமூச்சு: "நாவல் இருக்கு, சிறுகதை இருக்கு, நாடகம் மட்டும் நமக்கு வாய்க்கல." நாடகக் குழுவில் சொன்னால் அது சாக்கு: "ஸ்கிரிப்ட் கிடைக்கல, அதான் நாங்களே எழுதிட்டோம்." பத்திரிகையில் எழுதினால் அது ஆய்வு: மராட்டியில் டெண்டுல்கர், கன்னடத்தில் கர்னாட், வங்காளத்தில் பாதல் சர்க்கார், தமிழில் வெற்றிடம். மூன்றுமே ஒரே பொய்யின் மூன்று உடைகள். தமிழில் இல்லாதது நாடகம் அல்ல. இரண்டாவது மேடையேற்றம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு நாடகத்தை அதை எழுதியவரோ அவருடைய குழுவோ முதன்முறை போடுவது பிறப்பு. அதே பிரதியை வேறு ஊரில், வேறு இயக்குநர், முன்பின் தெரியாத நடிகர்களை வைத்துப் போடுவதுதான் வாழ்க்கை. கர்னாடின் 'துக்ளக்' 1964இல் கன்னடத்தில் எழுதப்பட்டது. அது இந்திய நாடகம் ஆனது பெங்களூரில் உட்கார்ந்திருந்ததால் அல்ல. மொழி மாறி, ஆள் மாறி, இயக்குநர் அல்காஸியின் கையில் டெல்லிப் பழைய கோட்டையின் மதில்களுக்கு நடுவே நின்று, ஒவ்வொருவரும் தங்கள் காலத்தின் கிறுக்கு ராஜாவை அதில் கண்டுகொண்டதால். நம்மிடம் ஒரு நாடகம் மூன்று காட்சி போடப்படும், இரண்டு விமர்சனம் வரும், புத்தகமாகும், அதோடு கருமாதி முடிந்தது. முப்பது வருஷம் கழித்து யாராவது "வெற்றிடம்" என்று எழுதுவார்கள். பிள்ளைகளைப் பெற்றுத் தொட்டிலோடு விட்டுவிட்டு, எனக்கு வாரிசே இல்லை என்று அழுகிறவனை என்ன சொல்வது?

துக்ளக் பெயரை அடிக்கடி உச்சரிக்கும் நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான்: 'ஔரங்கசீப்' படித்திருக்கிறீர்களா? இந்திரா பார்த்தசாரதி (இ.பா.) எழுபதுகளில் எழுதியது. ஷாஜகானின் முதுமை, பதவிக்கு அடித்துக்கொள்ளும் பிள்ளைகள், இரண்டு தரப்பாகப் பிரிந்து நிற்கும் ஜஹனாரா, ரோஷனாரா என்ற சகோதரிகள். பளிங்கில் கனவு காணும் தந்தை, எல்லா மதமும் ஒன்றாகும் கனவில் தாரா, ஒரே மதம் ஒரே நாடு என்ற கனவில் ஔரங்கசீப். மூன்று கனவும் மோதுகின்றன. ஔரங்கசீப்பை வில்லனாக்கிக் கைதட்டல் வாங்குவது எந்த நாடகாசிரியனுக்கும் எளிது. இ.பா. அதைச் செய்யவில்லை. வெற்றி பெற்றவனின் தனிமையை எழுதினார். இன்றைக்கு எந்த மேடையிலும் இதைப் போட்டால் பார்வையாளர்கள் நாற்காலியில் நெளிவார்கள். டெல்லியில் கே. எஸ். ராஜேந்திரன் இதை இந்தியில் இயக்கினார், இந்திக்காரர்கள் பார்த்தார்கள். தமிழில் எழுதிய நாடகத்தை இந்தியில் பார்த்துவிட்டு வந்து, "நம்மகிட்ட இப்படி ஒண்ணு இல்லையே" என்று என்னிடமே சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். நான் எதுவும் சொல்லவில்லை. காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

சரி, இந்த மறு மேடையேற்றம் என்பது தமிழனுக்குப் பழக்கமில்லாத வெள்ளைக்கார வழக்கமா? மதுரைப் பக்கம், புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு மேல் 'வள்ளி திருமணம்' தொடங்கும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வந்திருப்பார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து. பபூனும் ஆர்மோனியக்காரரும் வேறு வேறு பஸ்ஸில் வந்து இறங்கியிருப்பார்கள். ஒத்திகை கிடையாது. அரிதாரம் பூசும்போதுதான் ஒருவரை ஒருவர் பார்த்து வணக்கம் சொல்லிக்கொள்வதும் உண்டு. ஆனாலும் விடிய விடிய நாடகம் நடக்கும். எப்படி? எல்லோருக்கும் பாடம் ஒன்று. 1922இல் கண்மூடிய சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக்கொடுத்த பாடம். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தில் அன்றைய ஊர் வம்பும் நேற்றைய அரசியலும் வந்து விழும், ஆனால் தண்டவாளம் சுவாமிகளுடையது. எழுதியவர் போய் நூறு ஆண்டுக்கு மேலாகியும் அந்த நாடகம் ஆடி மாதத்திலும் வைகாசியிலும் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஸ்பெஷல் நாடகம் எனப்படும் இந்த வகையின் கலைஞர்களை நகரத்து நவீன நாடகக்காரர்கள் கொஞ்சம் இரக்கத்தோடு பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். இரக்கப்பட வேண்டியவர்கள் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அவர்களிடம் பொதுப் பாடம் இருக்கிறது. நவீன நாடகக்காரர்கள் பத்துப் பேரை ஒரு மேடையில் ஏற்றி, எல்லோருக்கும் தெரிந்த ஒரு காட்சியை நடியுங்கள் என்றால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

இது எப்படி நேர்ந்தது? நவீன நாடக இயக்கம் பிறந்த விதத்திலேயே காரணம் இருக்கிறது. 1977இல் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை. அதே ஆண்டு காந்திகிராமத்தில் நாடகப் பயிற்சிப் பட்டறை. 1978இல் சென்னையில் ஞாநியின் பரீக்‌ஷா, மதுரையில் மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கம். 1980இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் பாதல் சர்க்கார் வந்து பட்டறை நடத்தினார். 1984இல் பிரளயனின் சென்னைக் கலைக்குழு. ஏழெட்டு ஆண்டுகளில் எத்தனை வேகம்! ஒவ்வொரு குழுவையும் ஒரு தனிமனிதரின் வெறிதான் தாங்கியது. அவரே எழுதுவார், அவரே இயக்குவார், பல நேரம் பெட்டியும் அவரே தூக்குவார். அந்த வெறி இல்லாமல் எதுவும் நடந்திருக்காது, மறுக்கவில்லை. ஆனால் அதனாலேயே பிரதி குழுவின் சொத்தாகிவிட்டது. முத்துசாமி நாடகம் என்றால் கூத்துப்பட்டறை, பிரளயன் நாடகம் என்றால் கலைக்குழு. அடுத்த வீட்டு அடுப்பில் என் அரிசியா என்ற சங்கடம் இரண்டு பக்கமும். விதிவிலக்குகள் உண்டு. ஞான ராஜசேகரனின் 'வயிறு', பிரபஞ்சனின் 'முட்டை' போன்றவற்றைப் பிற குழுக்கள் எடுத்துப் போட்டன. இயக்குநர் சே. இராமானுஜம் முத்துசாமியின் நாடகத்தைத் தன் வழியில் இயக்கிக் காட்டினார். அது வழக்கமாகவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1954ஆம் ஆண்டின் நாடகச் சட்டப்படி பிரதியைப் போலீசில் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. எம். ஆர். ராதாவின் நாடகங்களைத் தடுக்கப் பிறந்த சட்டம், எல்லோர் தலையிலும் விழுந்தது. ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகளை ரத்து செய்தது. அதுவரை தமிழ் நாடகப் பிரதிகளை வரி விடாமல் படித்த ஒரே வாசகர் கூட்டம் காக்கி போட்டிருந்தது என்று நண்பர்களிடம் சொல்வேன். சிரிப்பார்கள். நான் பாதி விளையாட்டாகத்தான் சொல்கிறேன்.

வெற்றிடக்காரர்களின் அடுத்த வாதம் கொஞ்சம் நுட்பமானது. "நாடகங்கள் இருக்கலாம், ஆனால் அவை நாடகங்களாக இல்லை. ஒன்று வசனப் பிரசங்கம், இல்லையென்றால் புரியாத குறியீடு." இதற்குப் பொதுவாகப் பதில் சொல்லிப் பயனில்லை. புத்தகத்தைத் திறந்துதான் சொல்ல வேண்டும்.

'மழை'யைத் திறப்போம். இதுவும் இ.பா. ஒரு வீடு. தந்தை என்ற பெரிய நிழல். அவரைக் கவனித்துக்கொள்வதிலேயே வயதைக் கடத்திவிட்ட மகள். ஒரு மகன், ஒரு டாக்டர். வெளியே மழை. யாரும் பிரசங்கம் செய்வதில்லை. அன்பு எந்த இடத்தில் உடைமையாகிறது, தியாகம் எந்த இடத்தில் பழிவாங்கலாகிறது என்பதைப் பேச்சின் இடைவெளிகளில் வைத்திருக்கிறார். நடிகைக்கு இதைவிட நல்ல பாத்திரம் தமிழில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அரங்கச் செலவு என்று பார்த்தால் நாலு நாற்காலி. அரை நூற்றாண்டுக்கு முன்பே யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த க. பாலேந்திரா இதை இலங்கையில் மேடையேற்றினார். 1978இல் தொடங்கிய அவருடைய அவைக்காற்றுக் கழகம் பின்னர் லண்டனுக்குக் குடிபெயர்ந்து, லோர்காவையும் டென்னஸி வில்லியம்ஸையும் தமிழாக்கிப் போட்ட குழு. உலக நாடகத்துக்குப் பக்கத்தில் 'மழை'யை வைக்க அவர்கள் கூசவில்லை. சென்னையில் கூசுகிறோம்.

'நந்தன் கதை'யும் அப்படித்தான். நந்தனார் தீயில் இறங்கி ஜோதியில் கலந்தார் என்று நூற்றாண்டுகளாகக் கைகூப்பிக் கேட்ட கதையை எடுத்து, அந்தத் தீயை மூட்டியவர்கள் யார் என்று கேட்கும் நாடகம். பக்தியை அல்ல, பக்தியைக் கருவியாக்கிய சதியைக் காட்டுகிறது. ஆட்டமும் பாட்டமும் கதைக்கு ஒட்டவைத்த அலங்காரம் அல்ல. எந்த ஆட்டம் உயர்ந்தது, எவன் ஆடலாம் என்பதே சண்டை. பறையடிக்கத் தெரிந்தவர்களும் பரதம் கற்றவர்களும் ஒரே மேடையில் நின்றாக வேண்டும். இன்றைக்குக் கிராமியக் கலைக்குழுக்கள் இவ்வளவு பெருகியிருக்கும் சூழலில் இதைவிடப் பொருத்தமான பிரதி எது?

ந. முத்துசாமியிடம் வந்தால் வாசகர் பயப்படுகிறார். புஞ்சை கிராமத்துக்காரர், தெருக்கூத்தை நமக்கு மறுபடி பார்க்கக் கற்றுக்கொடுத்தவர். அறுபதுகளின் கடைசியில் 'காலம் காலமாக' எழுதியபோதே, வசனத்தைத் தகவல் சொல்லும் வேலையிலிருந்து விடுதலை செய்துவிட்டார். 'நாற்காலிக்காரர்' வேடிக்கையான நாடகம். ஒரு நாற்காலி, அதில் ஒருவர், அவருடைய ஆதரவுக்கு மல்லுக்கட்டும் கூட்டங்கள். ஒரு தேர்தல் சமயத்தில் தெருமுனையில் போட்டால் யாருக்கும் அருஞ்சொற்பொருள் தேவைப்படாது. "புரியவில்லை" என்ற புகார், மனசுக்குள் மௌனமாகப் படித்தவர்களுடையது. முத்துசாமியை வாய்விட்டுப் படிக்க வேண்டும். நாலு பேர் உட்கார்ந்து வேகத்தை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தால் அதற்குள் இருக்கும் தாளம் பிடிபடும். பந்தாட்டத்தில் பந்து யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பது மாதிரி. பந்துக்கு அர்த்தம் கேட்பவனுக்கு ஆட்டம் தெரியாது.

கே. ஏ. குணசேகரனின் 'பலி ஆடுகள்' தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தது. தமிழில் தலித் நாடகம் என்ற பெயரோடு நின்ற முதல் பிரதிகளில் ஒன்று. சாதி கேட்கும் பலியில் தொடங்கி, அந்தப் பலியிலும் ஆணுக்குப் பதில் பெண் என்ற இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஒடுக்கப்பட்டவனுக்குள் இருக்கும் ஒடுக்குபவனையும் விட்டுவைக்காத நேர்மை. நீளமும் கிடையாது. கல்லூரிப் போட்டிக்காரர்களே, உங்களுக்கு வேண்டிய அளவில்தான் இருக்கிறது.

இன்குலாப் எழுதி அ. மங்கை இயக்கிய 'ஔவை'யை எடுத்துக்கொள்ளுங்கள். நரைத்த தலை, கையில் கோல், "அறம் செய விரும்பு" என்று பாடப் புத்தகத்தில் நின்றுவிட்ட கிழவியை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, அதியமானோடு கள் பகிர்ந்து உண்ட, ஊர் ஊராகத் திரிந்த இளம் பாணர் மகளை மேடைக்கு அழைத்து வந்தார். சங்கப் பாடல் படித்த ஒவ்வொருவருக்கும் தெரிந்த ஔவைதான் அவள். ஆனால் தெரிந்ததை மேடையில் பார்க்கும்போதுதான், இத்தனை நாள் நம்மிடமிருந்து யார் மறைத்தார்கள் என்ற கேள்வி வருகிறது. தமிழ்த் துறைகள் ஆண்டுதோறும் முத்தமிழ் விழா நடத்துகின்றன. மூன்றாவது தமிழுக்கு ஒரு பிரதி வேண்டும் என்றால் இதோ. பெண்களின் குரலைப் பெண்களின் எழுத்துகளிலிருந்தே திரட்டி வ. கீதா எழுதிய 'காலக்கனவு' இன்னொன்று. அதையும் மங்கைதான் மேடையேற்றினார். இங்கே ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் எழுதி அச்சில் வந்த நாடகங்கள் நம்மிடம் குறைவு, வெட்கப்படும் அளவுக்குக் குறைவு. வெற்றிடக்காரர்கள் இதைச் சொன்னால் நான் ஒப்புக்கொள்வேன். அவர்கள் இதைச் சொல்வதில்லை.

சபா நாடகம் என்றதும் மூக்கைப் பொத்துகிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. துணுக்குத் தோரணங்கள் மலிந்த அதே சபாக்களில்தான் 1980இல் கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நடந்தது. அத்திப்பட்டி என்ற ஊருக்குத் தண்ணீர் இல்லை. ஊரார் தாங்களே கால்வாய் வெட்டப் போனால் அரசாங்கம் வந்து தடுக்கிறது. மறு வருஷமே பாலசந்தர் படமாக்கியதால் பிரதியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். படத்தின் கதைச்சுருக்கம் மட்டும் நினைவில் நிற்கிறது. படத்தில் பார்த்துவிட்டோமே என்பவர்களுக்கு: படம் வறண்ட நிலத்தைக் காட்டியது. நாடகம் அந்த நிலத்தை வெறும் பேச்சால் எழுப்பும். அது நடிகருக்கான சவால். சபாக்காரர்களிடம் நாம் கற்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. சபா வலைப்பின்னலில் ஒரு நாடகம் மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போகும். நாற்பதாவது காட்சியில் நடிகன் முதல் காட்சியில் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடிப்பான். மூன்று மாதம் ஒத்திகை பார்த்து இரண்டு நாள் போட்டுக் கலைந்துவிடும் நம் குழுக்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கோமல் பிறகு 'சுபமங்களா' ஆசிரியராக இருந்தபோது நவீனக் குழுக்களைச் சேர்த்து நாடக விழாக்களும் நடத்தினார். இரண்டு கரையிலும் கால் வைத்திருந்த மனிதர். அவருக்குப் பின் அப்படி ஒருவரை நினைத்துப் பார்க்கிறேன், உடனே யாரும் வரவில்லை.

கடல் தாண்டிப் பார்க்கலாம். இலங்கையில் நாடகமும் அரங்கியலும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். உயர்தரத் தேர்வுக்கே எடுக்கலாம். அதனால் என்ன ஆகிறது? பதினேழு வயதுப் பிள்ளை நாடகப் பிரதியை நாடகப் பிரதியாகப் படிக்கிறது. நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் பெயர் அங்கே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் வீட்டுப் பெயர். 'மண் சுமந்த மேனியர்' 1985இல் க. சிதம்பரநாதனின் இயக்கத்தில் யாழ்ப்பாணத்து ஊர்களில் ஆடப்பட்டபோது, தங்கள் கதையைத் தாங்களே பார்த்தார்கள் அந்த மக்கள். 'அன்னை இட்ட தீ' போர் மனத்துக்குள் செய்யும் சேதத்தைப் பேசுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது 'எந்தையும் தாயும்'. பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்விட, பெரிய வீட்டில் கடிதத்துக்கும் காசுக்கும் காத்துக்கொண்டிருக்கும் கிழவனும் கிழவியும். ஒரு வீட்டு முற்றம் கிடைத்தால் மேடைகூட வேண்டாம். இதை யாழ்ப்பாணத்து விஷயம் என்று ஒதுக்கும் தமிழ்நாட்டு இயக்குநர், பக்கத்துத் தெருவில் அமெரிக்க மகனின் வீடியோ காலுக்காகச் சாப்பாட்டை ஆறவைத்துக்கொண்டிருக்கும் தம்பதியைப் பார்த்ததில்லை போலும். பேச்சுவழக்கு இடைஞ்சல் என்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் வழக்கு இடைஞ்சல் இல்லை, வல்வெட்டித்துறை இடைஞ்சல்!

கடைசி வாதம் நாகரிகமானது: "பிரதியே பழைய கதை. இது உடலின் அரங்கம், இயக்குநரின் அரங்கம். வார்த்தை எதற்கு?" இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் முருகபூபதியின் மணல்மகுடி நாடகக் குழுவைக் கைகாட்டுவார்கள். 'வனத்தாதி', 'கூந்தல் நகரம்', 'செம்மூதாய்', 'சூர்ப்பணங்கு'. மண்ணும் சருகும் உடலும் சேர்ந்து எழுப்பும் அந்தக் காட்சிகளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள், நானும் மறக்கவில்லை. ஆனால் முருகபூபதி யார்? ஸ்பெஷல் நாடக மேடைக்குப் பாட்டு எழுதிய மதுரகவி பாஸ்கரதாஸின் பேரன். தாத்தாவின் நாட்குறிப்புகளைத் தேடி அச்சாக்கியவர். தன் நாடகங்களையும் எழுத்தில் வைக்கிறார். வார்த்தை வேண்டாம் என்றிருந்தால் அந்தச் சிரமம் எதற்கு? அவருடைய பிரதிகளை வேறொருவர் தொட்டால் என்ன ஆகும் என்று பார்க்க எனக்கு ஆசை. தோற்கலாம். பிரதி உறுதியானதா, இல்லை அந்த ஓர் இயக்குநரின் கைபட்டால்தான் உயிர்பெறுமா என்பது அப்படித்தான் தெரியும். வார்த்தை இல்லாத அரங்கம் அழகானதுதான். வார்த்தையைப் பேசிப் பழகாத நடிகன் அதற்குள் ஒளிந்துகொள்வதைத்தான் எதிர்க்கிறேன்.

மொழிபெயர்ப்புக்கு நான் எதிரி இல்லை. இராமானுஜம் கிரேக்க யூரிப்பிடீஸை எடுத்து, டிராய் நகரத்துப் பெண்களின் ஓலத்தைத் தமிழ் ஒப்பாரியாக்கி 'வெறியாட்டம்' செய்தார். அப்படிச் செய்ய இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் நாடகம் ஒன்றையும் படிக்காதவர், பிரெக்ட்டைத் தமிழாக்கினால் அது மொழிபெயர்ப்பாகவே நிற்கும்.

நான் எல்லாத் தமிழ் நாடகத்தையும் தூக்கிப் பிடிக்கிறேன் என்று எண்ண வேண்டாம். ஓரங்க நாடகத் தொகுப்புகளில் பெரும்பகுதி வானொலிக்குக்கூட உதவாது. மன்னரும் மந்திரியும் அடுக்குமொழியில் வாழ்த்திக்கொள்ளும் சரித்திர நாடகங்களைப் படித்தால் தூக்கம் நன்றாக வரும். பாரதிதாசனின் 'பிசிராந்தையார்' 1969இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாடகம். அதை எழுதியவரின் கவிதைகளை நேசிக்கிற நானே அந்த நாடகத்தைப் போடச் சொல்ல மாட்டேன். பரிசு வேறு, மேடை வேறு. சரஸ்வதி சம்மான் பெற்ற இ.பா.வின் 'ராமாநுஜர்' மேடைக்கும் பரிசுக்கும் சேர்ந்து தகுந்தது என்பது அபூர்வமான தற்செயல். சலித்து எடுக்கத்தான் வேண்டும். சலிப்பதற்கு முதலில் நெல்லைக் கொட்ட வேண்டும் அல்லவா?

பதிப்பாளர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. நாடக நூல் விற்காது என்று சொல்லி மறுபதிப்பைத் தள்ளிப்போடுகிறார்கள். ஒரு குழு எடுத்தால் நடிகருக்கு ஒன்று என்று பத்துப் பிரதி ஒரே நாளில் போகும் புத்தகம் அது. பாத்திரங்கள் எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை, எவ்வளவு நேரம், உரிமைக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று முதல் பக்கத்தில் போட்டால் போதும். பாதிக் குழுக்கள் பயப்படுவதே உரிமை யாரிடம் என்று தெரியாததால்தான். போட்டி நடத்துகிறவர்கள் "புதிய நாடகம்" என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, ஒரு பிரிவையாவது அச்சில் உள்ள தமிழ் நாடகத்துக்கு ஒதுக்கட்டும். விமர்சகர்களுக்கு ஒன்று: ஒரே நாடகத்தை இருவர் இயக்கியதை ஒப்பிட்டு நீங்கள் கடைசியாக எப்போது எழுதினீர்கள்?

குழுக்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. அடுத்த தயாரிப்பு எதுவென்று முடிவு செய்வதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். மொட்டை மாடி போதும். முதல் ஞாயிறு 'மழை', இரண்டாவது 'பலி ஆடுகள்', மூன்றாவது 'எந்தையும் தாயும்'. பாத்திரம் பிரித்துக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள், நடிக்க வேண்டாம். மூன்றும் பிடிக்கவில்லை என்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். பிடித்துப் போட்டால் எனக்கு ஒரு வரி தெரிவியுங்கள். எந்த ஊரானாலும் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் வருவேன்.